இரண்டாவது புதன்

நெல்லூர்
13-11-2006

பானுவின் அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே இட்லிக்குத் தரும் காரப்பொடி, நம் விருதுநகர் வற்றலை ஓரம் கட்டிவிடும்.

விசாரிக்க வந்த போலீசிடம் நான் தங்கும் லாட்ஜ் பெயர்வரை சொன்னாயாமே. நல்லதுதான், இந்த ஊர்ப் போலீசார் தேடி அலையாமல் வந்து பிடித்துவிட்டார்கள்.

பானுவின் தலைதீபாவளிக்கு ரயிலில் வெடி கொண்டுபோய் மாட்டினேனே, அந்த வழக்குக்குப் போகாததால் நம் ஊர்க் கோர்ட்டில் வாரண்டு போட்டுவிட்டார்கள். வக்கீல் சொன்னது நவம்பர் இரண்டாவது புதன். நான் பார்த்ததோ, ஆர்டர் பிடிக்கக் கம்பெனியில் கொடுத்து, வீட்டில் மாட்டியிருந்த 2007 சாம்பிள் காலண்டரை. அதில் பதினான்கு என்றிருக்க, டைரியில் எழுதிக்கொண்டேன். இந்த வருடம் அது எட்டாம் தேதியே போய்விட்டது.

"வருசம் பெறக்குமுன்ன புதுக் காலண்டர மாட்டாதீக" என்று நீ சொன்னபோதே கேட்டிருக்கலாம்.

நாளை வாய்தா என்று நம்பி இன்றைய ரயிலுக்கு டிக்கெட்கூட எடுத்திருந்தேன். "விடுங்க ஏட்டையா, நானே போயி ஆஜராயிருதேன்" என்றேன். தமிழ் தெரிந்தவர், சிரித்துவிட்டார். வழக்கில் இங்குள்ள மாஜிஸ்திரேட் தலையிட முடியாதாம். நம் ஊர்ப் போலீஸ் அசல் வாரண்டோடு வந்து, இவரிடம் உத்தரவு வாங்கித்தான் என்னைக் கூட்டிப்போக வேண்டுமாம். வியாழக்கிழமை உன் தம்பியை ஜாமீனுக்கு வக்கீலோடு கோர்ட்டில் நிற்கச் சொல். பானுவுக்குத் தெரிய வேண்டாம். வெடி கேட்டது நான்தானே என்று அழுவாள்.

ஏட்டையா மச்சான் கடைக்கென்று எனக்கு ஐந்நூறு காலண்டர் ஆர்டர் கிடைத்திருக்கிறது. டெலிவரி தேதியை நான் எழுதப்போனேன். ஏட்டையா பேனாவை வாங்கித் தானே எழுதிக்கொண்டார்.

இப்படிக்கு,
இரண்டு போலீசார் துணையோடு ஊர் திரும்பும்
உன் வீட்டுக்காரன்