நிறம் தெரியும் திரை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நைரோபியில் நான் சுகம்.

நான் எடுக்கும் கல்யாணப் படங்களைத் திருத்த நானே பாகங்கள் வாங்கிக் கணினி ஒன்றைப் பொருத்திவிட்டேன்! கடைக்காரர் முரீத்தி, மினுமினுக்கும் கிராபிக்ஸ் கார்டைக் காட்டி, "இத எடும்மா, கேம் பறக்கும்" என்றார்.

"நான் விளையாடவா போறேன்? பழைய திரையில கல்யாணப் பொண்ணுங்க முகமெல்லாம் சாம்பலாத் தெரியுதுண்ணே. கார்டு சின்னது போதும், திரைய நல்லதாக் குடுங்க" என்றேன்.

"சரியான வாயாடி!" என்று சிரித்தார்.

முதலில் கணினி ஓடவில்லை. பயப்படாதீர்கள், ஒரு வயரை மாட்ட மறந்திருந்தேன், அவ்வளவுதான். ஓடியதும் உங்கள் படத்தைத் திறந்தேன். உங்கள் கறுப்பு, அதே பளபளப்போடு! துள்ளிக் குதித்தேன், அம்மா.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் ஒமேனாக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இப்போதெல்லாம் உங்கள் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

படம் பார்க்க வந்த மணப்பெண் கதவைத் தட்டுகிறாள், ஓடுகிறேன்.

உங்கள் அவுவோர்