டிவியை இணைக்க ஏன் இத்தனை நாளாயிற்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா, குழந்தை பசியாறித் தூங்குகிறாளா, பிரசவமான உடம்போடு நீ படியேறி இறங்காமல் இருக்கிறாயா என்பதே எங்கள் நினைப்பெல்லாம். நேற்று டிவியில் பேசும்போது, "அஞ்சு நிமிஷ வேலைப்பா, வைஃபை போடறதுக்கு ஒரு மாசமா?" என்று கேட்டாய். எனக்கு வயதாகிவிட்டது, தலையில் ஏறவில்லை என்று சொல்லி மழுப்பினேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால்தான். அவள் இன்று உன் அத்தையோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு நடுப்பார்வை மங்கிப்போய், போனில் உன் முகம் வெறும் புகையாகத்தான் தெரிந்தது. பெரிய திரையானால் தெரியும் என்று டாக்டர் சொன்னதால்தான் நீ டிவியை அனுப்பினாய். வந்த அன்றே சுவரில் மாட்டியாயிற்று. வைஃபையைத் தேடச் சொன்னதும் அக்கம்பக்கத்துப் பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன, முதலில் நின்றது நம் வீட்டுப் பெயர், உன் தம்பி வைத்தது. 'சத்தம் போடாதே.' வகுப்பில் நாளெல்லாம் நான் சொன்னதை எடுத்து எனக்கே வைத்தான் போக்கிரி. மாடியில் இருக்கும் தையற்காரர், "எங்க மெஷினைத்தானே சார் சொல்றீங்க?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கும். தம்பி நம்மை விட்டுப் போனபிறகு அந்தப் பெயரை நாங்கள் எங்கும் பார்க்கவில்லை. என் போன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததே இல்லை. சுவரில் அவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததும் அம்மாவே படித்துவிட்டாள். படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாஸ்வேர்டு கேட்டது. அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிறந்த தேதி, பைக் நம்பர், உன் பெயர், நாம் வளர்த்த பூனையின் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கணக்கில் ஊகித்து விடை எழுதுகிறான் என்று அவனைத் திட்டிய நான்தான் ஒரு வாரம் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தார். கம்பி போட்டு இணைக்கலாமா என்று கேட்டேன், இந்த டிவியில் அதற்குத் துளை இல்லை என்றார். என் போனிலிருக்கும் நெட்டை டிவிக்குக் கொடுத்துப் பார்த்தோம், கூடத்தில் சிக்னல் நிற்கவில்லை. கடைசியில், "ரூட்டருக்குப் பின்னால சின்ன ஓட்டை இருக்கு சார், ஊக்கால அழுத்தினா எல்லாம் அழிஞ்சு புதுசாயிடும். வேற பாஸ்வேர்டு போட்டுக்கலாம்" என்றார். அவ்வளவுதானே என்று நான் தலையாட்டுவதற்குள் அம்மா ரூட்டருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "இன்னொரு நாள் வாங்கம்மா" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டாள்.

காரணம் அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தம்பியின் போன் அலமாரியில் இருக்கிறதல்லவா, சிம் எப்போதோ நின்றுவிட்டது, வைஃபையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் நண்பர்கள் குழுவில் யாராவது எதையாவது போட்டால், செருப்புக்கடைக்காரன் தள்ளுபடி என்று அனுப்பினால், 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை அணைந்தால் பூட்டைத் திறந்தால்தான் மறுபடி வேலை செய்யும் என்பதால் அம்மா ஒருநாளும் சார்ஜ் இறங்க விட்டதில்லை. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்கப் பழைய வருகைப் பதிவேட்டைக் கிழிக்க வேண்டும், மற்றவர்கள் வந்து மறுபடி பெயர் கொடுக்கலாம், ஒருவனால் மட்டும் வர முடியாது என்றால் அந்த வகுப்பு ஆசிரியை என்ன செய்வாள்? அவன் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. "எனக்கென்ன புத்தியா கெட்டுப்போச்சு? அந்தச் சத்தம் மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

இதற்கிடையில் உனக்குக் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை அனுப்பிய படத்தை அம்மாவிடம் நீட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். "நம்ம பொண்ணு ஜாடைதான், நெத்தி அப்படியே" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். திரை எப்போதோ இருட்டாகி அணைந்திருந்தது. நான் ஆமாம் என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், திரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலையில், "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க" என்றாள்.

ஊக்கை அம்மாவே எடுத்து வந்தாள். ஓட்டை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, அந்தப் பெண் அவள் விரலைப் பிடித்து இடம் காட்டினார். விளக்குகள் எல்லாம் அணையும்வரை அம்மா அழுத்திக்கொண்டே இருந்தாள். "போதும்மா, எடுத்துடுங்க" என்று அவர் இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது. "இனிமே அந்தப் போன்ல வராதில்ல?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது, "வராதும்மா, பழைய பாஸ்வேர்டு செல்லாது" என்றார். சரி என்றாள். வைஃபைக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, யோசிக்காமல், "பழைய பேரே இருக்கட்டும்" என்றாள்.

அன்று முதன்முதலாகக் குழந்தையைக் காட்டினாயே, அப்போது அம்மா பேசவே இல்லை என்று, "லைன் நின்னுடுச்சாம்மா, கேக்குதா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். லைன் நிற்கவில்லையம்மா. நாற்காலியை டிவிக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். நீ வைத்தபிறகு என்னிடம், "நெத்தி நம்ம பொண்ணு மாதிரி இல்லீங்க, மாப்பிள்ளை மாதிரி" என்றாள்.

போனை இன்னும் சார்ஜில் போடுகிறாள். நான் தடுக்கவில்லை, நீயும் கேட்காதே. பேசும்போது குழந்தையை வெளிச்சத்தில் அசையாமல் பிடி, அம்மா அதன் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல், தூக்கம் கெட்டவர் பட்டினியும் கிடக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. புதிய பாஸ்வேர்டை அம்மா அந்தப் பெண்ணின் காதில்தான் சொன்னாள், எனக்குத் தெரியாது. மறுபடியும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் எப்படி என்று கடிந்துகொண்டேன். "ஒருத்தருக்கு வேணாம், ரெண்டு பேருக்குத் தெரியட்டும். அவ குழந்தையோட வரட்டும், நேர்ல சொல்றேன்" என்றாள். குழந்தை பயணத்தைத் தாங்கும் என்று டாக்டர் சொன்னதும் வந்துவிடு. மூன்று பேருக்கும் எங்கள் ஆசிகள், எந்தக் குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா