கறுப்புக் கொடியும் கட்டில் கொடியும்

அன்பு மகள் ரேகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், சுகமில்லாதது அவருடைய முழங்காலும் நம் தெருக் குழாயும்தான். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் என் தங்கமும் குறையில்லாமல் இருக்க மாரியாத்தாளிடம் தினம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் உன் நைனா பிடுங்கிக்கொள்கிறார், அந்தப் பக்கம் நீ ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளையையும் கேட்க வைக்கிறாய், மனசில் இருப்பதை எங்கே பேசுவது? பக்கத்து வீட்டு பிலோமியின் தம்பி மஸ்கட்டுக்கு வருகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுத்து விடுகிறேன். கருவாடு மாப்பிள்ளைக்கு, நீ உப்பை அதிகம் தின்னாதே.

மழை நின்றதிலிருந்து நம் குழாயில் சாக்கடை கலந்து வருவதை உனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன், உன் நைனாதான் வாய் பொறுக்காமல் மாப்பிள்ளையிடம் உளறிவிட்டார். மாப்பிள்ளையும் மரியாதையாகத்தான் சொன்னார், அந்தத் தண்ணியில குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது அத்தே, பிரசவத்தை இங்கியே வச்சிக்கலாம் என்று. சரிங்க மாப்பிள்ளை என்று போனை வைத்துவிட்டேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் வரவில்லை என்றால் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் எந்த முகத்தோடு தெருத்தெருவாகப் போவேன்? ஊர் வாயை விடு, உனக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இல்லாமல் இங்கே உட்கார்ந்து கொண்டு என்ன செய்வேன்? ஏழாம் மாதம் தாண்டினால் பிளேனில் ஏற்றமாட்டார்களாம், அதற்குள் குழாய் சரியாக வேண்டும். தண்ணி ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலர் தேர்தல் வந்தது, விடுவேனா?

ஊர்த்தலைவர் எத்திராஜ் அண்ணன் வலைக் கொட்டகையில் கூட்டம் போட்டார். ஊரு ஒரே வாயா பேசணும், ஆளுக்கு ஒண்ணு பேசுனா ஒருத்தனும் மதிக்கமாட்டான் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் அலை கரையை அரிக்காமல் இருக்கத் தூண்டில் வளைவு வேண்டும் என்றார், ஒருத்தர் மீன் மார்க்கெட்டுக்குக் கூரை என்றார், விம்கோ நகர் பஸ் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றாள் பிலோமி. உன் நைனா எழுந்து, கொட்டாயில லைட்டு எரியமாட்டுது, ராவுல ஒக்காந்து இன்னாதான் பண்றது என்றார், சீட்டாட வெளிச்சம் கேட்கிறாரென்று எல்லாருக்கும் தெரியும், ஒரே சிரிப்பு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடிக்கிற தண்ணியே கலீஜா கீது, உங்களுக்கு லைட்டு கேக்குதா என்று போட்டேன் ஒரு சத்தம். பெண்கள் எல்லாம் என் பக்கம் சாய்ந்தார்கள். தண்ணி சரியாகிற வரைக்கும் ஓட்டு கிடையாது, வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி என்று முடிவாயிற்று.

இங்கேதான் நம் ஆட்களின் மூளை வேலை செய்தது. கறுப்புத் துணி வாங்க டோல்கேட் ஜவுளிக் கடைக்கு யார் போவது என்று கேட்டதற்கு எத்திராஜ் அண்ணன், இன்னாத்துக்கு செலவு, நம்ம வலைக்கொடி எல்லாம் கறுப்புதானே என்றார். கடலில் வலை கிடக்கும் இடம் தெரிவதற்காக மிதவையில் நட்டு வைக்கிற கொடியைச் சொன்னார். ஆகா ஆகா என்று கைதட்டிவிட்டு அத்தனை கொடியையும் பிடுங்கி வாசலில் கட்டினார்கள். நம் வலை என்று தெரிய நான் தைத்து வைத்திருந்த சிவப்புப் பட்டையைக்கூட, போராட்டக் கொடியில் வேறு கலர் இருக்கக்கூடாது என்று உன் நைனாவே கிழித்துப் போட்டார். மறுநாள் வலை போடப் போகும்போதுதான் மிதவை மொட்டையாக இருப்பது தெரிந்தது. வாசல் கொடியை எடுத்தால் மானம் போய்விடும். கொட்டகை மூலையில் தேர்தலில் கட்டில் சின்னத்தில் நிற்கும் முதஸ்ஸிர் பாய் இறக்கிவிட்டுப் போன கொடிக்கட்டு கிடந்தது, சும்மாதானே கிடக்கிறது என்று ஆளுக்கொன்று எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

விடிந்து பார்த்தால் கடல் முழுக்கக் கட்டில். யார் வலை யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. உன் நைனா இழுத்து வந்தது எத்திராஜ் அண்ணன் வலை, அதில் வவ்வால் மீன் கொழுத்துக் கிடந்தது. அவர் இழுத்தது நம் வலை, அதில் தொட்டால் அரிக்கிற சொறிமீனும் ஒற்றைச் செருப்பும். கரையில் நடந்த சண்டையை எழுதினால் காகிதம் கிழிந்துவிடும். மீனைத் திருப்பிக் கொடுத்தும் இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. இதற்குள் எவனோ போட்டிலிருந்து கடலை வீடியோ எடுத்துப் போட்டு, மொத்தக் குப்பமும் கட்டில் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எல்லார் போனுக்கும் போய்விட்டது.

மத்தியானமே முதஸ்ஸிர் பாய் மாலையும் மேளமுமாக நன்றி சொல்ல வந்துவிட்டார். வந்தவர் வாசலுக்கு வாசல் கறுப்புக் கொடியைப் பார்த்து, யாரு செத்துட்டாங்க என்று மெதுவாகக் கேட்டார் பாவம். அவர் பின்னாலேயே அவரை எதிர்த்துச் சீப்பு சின்னத்தில் நிற்கும் ஜானட் அம்மா பதறிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வேட்பாளர் வந்தால் ஆரத்தி எடுக்க வேண்டாமா? நானும் பிலோமியும் தட்டு எடுத்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கவில்லை, குழாயைத் திறந்து பிடித்தோம், கலர் அதிலேயே இருந்தது. சூடத்தை ஏற்றி இருவர் முகத்துக்கு முன்னாலும் நிதானமாகச் சுற்றினோம். சுற்றிலும் போனில் படம் பிடிக்கிறார்கள், மூக்கைப் பொத்த முடியுமா? பாய் சிரித்த முகத்தை மாற்றாமல் கண்ணில் தண்ணி விட்டார், ஜானட் அம்மா உதட்டுக்குள் ஜெபம் சொன்னார். அந்தத் தண்ணியையே தொட்டு நெற்றியில் வைக்கப் போனேன், போதும்மா, புரிஞ்சிடுச்சு என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஊர் ஒரே வாயாகப் பேசியதோ இல்லையோ, அவர்கள் பேசினார்கள்.

யார் முந்துவது என்கிற போட்டியில் இருவரும் தண்ணி ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் தெருவின் இந்த முனையில் ஒரு பள்ளம், அந்த முனையில் ஒரு பள்ளம், நடுவில் நாங்கள். உடைந்த பைப்பை மாற்றினார்கள், நேற்றிலிருந்து கண்ணாடி மாதிரி தண்ணி வருகிறது. நான்தான் முதலில் குடித்தேன், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சரியானது நம் தெரு மட்டும்தான், பின்தெருக்களில் பழைய கதைதான். நேற்று மறுபடியும் கூட்டம். வவ்வால் மீன் கோபம் இன்னும் ஆறாத எத்திராஜ் அண்ணன் எழுந்து, அங்கம்மா பொண்ணு பிரசவத்துக்கோசரம் ஊரே கொடி புடிச்சிது, அது வேல முடிஞ்சிது, இனி கொடிய அவுத்துடலாம் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். ஆமாண்ணா, எம்பொண்ணுக்கோசரந்தான் கட்னேன், பின்தெருவுல உம்பொண்ணும் முழுகாமத்தானே கீறா, அவ கொழாயில நல்ல தண்ணி வர்ற வரைக்கும் எம்வூட்டுக் கொடி எறங்காது என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வீட்டுக் கொடியும் இறங்கவில்லை. உன் நைனாவின் வலைக்கு என் பழைய பூப்போட்ட நைட்டியைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன், கடலில் இனி நம் வலையை யாரும் மாற்றி இழுக்கமாட்டார்கள்.

ரேகா, உண்மையைச் சொல்கிறேன், நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயத்தில்தான் உன் அம்மா இத்தனை ஆட்டம் ஆடினாள். மாப்பிள்ளையிடம் என் வணக்கத்தைச் சொல்லி, தண்ணி நன்றாக வருகிறது என்று சொல். இன்னும் வேறு ஏதாவது காரணம் அவர் வைத்திருந்தால் மறைக்காமல் எழுது, இங்கே பள்ளத்தை இன்னும் மூடவில்லை, அதையும் தோண்டிப் பார்த்துவிடலாம்.

மாரியாத்தா உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், இருவரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கு. டிக்கெட் போட்டதும் முதலில் எனக்குச் சொல், உன் நைனாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உனக்காகக் குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கும் அம்மா,
ம. அங்கம்மா