முன் வரிசைக் கதிரை

ஆவணி, ஞாயிறு இரவு.

நெளுக்குளத்தில் இன்று மச்சானின் மகளுக்குக் கலியாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மலசலகூடத்துக்குப் பக்கத்துக் கதிரையை என் மனைவி வசந்திக்குப் பிடித்துவைத்தேன். பெருங்குடல் புண்ணோடு அவள் பட்ட வருடங்களில் எங்கே போனாலும் என் முதல் வேலை அதுதான். பழக்கம் போகவில்லை.

அவள் முறைத்தாள். "குடலையே வெட்டி எடுத்தாச்சு. இன்னும் ஏனப்பா என்னைக் கக்கூஸ் வாசல்ல இருத்துறீங்கள்?"

பட்டுச்சேலைக்குள், மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு நேரே போய் முன் வரிசையில் இருந்தாள். பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். பை கசிந்தால் என்று நான்தான் கடைசிவரை வியர்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மருந்து கேட்காது, பெருங்குடலை எடுக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்றும் நான் வேறு மருந்து இல்லையா என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றேன். "வெட்டுங்கோ டொக்டர்" என்றவள் இவள். என்ன நெஞ்சு இவளுக்கு! அந்த டொக்டருக்கும் என்ன கை!

அவள் இரவிரவாக எழும்பி ஓடிய காலத்தில் வெளிக் கக்கூஸ் லைற்றை நான் அணைத்ததே இல்லை. இப்போது படுக்கையிலிருந்து குரல் வருகிறது: "கக்கூஸ் லைற் இன்னும் ஆருக்கு எரியுது? நூத்துப்போட்டு வந்து படுங்கோ."

நூர்க்கப் போகிறேன்.