கிரகண நாளும் கைக்கண்ணாடியும்

15 ஜூன் 1955, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். விறகு ஈரம், காப்பி தாமதம், அதனால் பள்ளிக்கும் தாமதம். தலைமை ஆசிரியை (இனி த.ஆ.) கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வகுப்பு. பாடம்: ஒளியும் நிழலும். வெயில் இல்லாததால் கதவைச் சாத்திவிட்டு அரிக்கேன் விளக்கை வைத்து நடத்தினேன். கையைக் குறுக்கே நீட்டினால் சுவரில் கை. விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் ராட்சசக் கை. ஒளிக்கு நேராகப் போகத்தான் தெரியும், வளையத் தெரியாது. தடுத்தால் தடுத்த இடத்துக்குப் பின்னால் இருட்டு. கண்ணாடித் தம்ளரின் நிழல் மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குள் மணி அடித்துவிட்டது.

மத்தியானம் மறுபடி. திங்கள் காலை சூரிய கிரகணம், பத்திரிகையில் போட்டிருக்கிறது. அரிக்கேன் சூரியன், எலுமிச்சம்பழம் நிலா, சரசுவின் தலை பூமி. பழத்தின் நிழல் அவள் நெற்றியில் விழுந்தது. இவ்வளவுதான் கிரகணம், நிலாவின் நிழல் நம்மேல் விழுகிறது, நிழல் யாரையும் ஒன்றும் செய்யாது என்றேன்.

சரசு மேலுதடு மூக்கு வரை பிளந்து பிறந்தவள். பேசினால் மூக்கு வழியாகக் காற்று போகும், அதனால் அதிகம் பேசமாட்டாள். இன்று பேசினாள். "எங்கம்மா கிரகணத்துல வெளிய வந்ததாலதான் நான் இப்பிடின்னு சொல்றாங்களே, டீச்சர்?"

பொய் என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது.

டானிக் தீர்ந்துவிட்டது. செ.யிடம் (வீட்டுக்காரர்) சொல்ல வேண்டும்.

16 வியாழன்

தூறல் விட்டது. செருப்பு வார் அறுந்தது.

பள்ளி விடும் நேரம் சரசுவின் அம்மா மாதம்மா வந்தாள். கொள்ளேகால் பக்கத்துக்காரி, புருஷன் இங்கே விறகு டிப்போவில் வேலை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சரசு வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று வாசலில் உட்கார்ந்து காய் அரிந்தாளாம். அது கிரகண நேரம் என்றே அவளுக்குத் தெரியாதாம். பிள்ளை பிறந்த அன்றிலிருந்து மாமியார், நாத்தி, புருஷன், பக்கத்து வீடு எல்லாருக்கும் அதே பேச்சு. சண்டை எங்கே தொடங்கினாலும் அந்தக் காயில் வந்து முடியுமாம்.

சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். ஐந்தாம் மாதம். புடவை எவ்வளவு மறைக்கும்?

"ஏனுங் டீச்சரம்மா, நெழலு ஒண்ணும் பண்ணாதுன்னு புள்ளைங்களுக்குச் சொன்னீங்களாமா. அன்னிக்கு நீங்க வெளிய வருவீங்களா?"

வருவேன் என்றேன். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அத்தை (செ.யின் அம்மா) ரசக் கரண்டியைக் கீழே வைத்தார். செ. சிரித்தார், "அம்மா, நாம கிறிஸ்தவங்க. ராகு கேதுவுக்கு நம்ம வீட்டு விலாசம் தெரியாது" என்றார். அத்தை சிரிக்கவில்லை. நானும்தான்.

போன வருஷம் ஏழாம் மாதத்தில் போய்விட்டது. ஆண். காரணம் கேட்டதற்கு ஆஸ்பத்திரி நர்ஸ், சில சமயம் இப்படி ஆகும் என்றார். தெருவில் ஆளுக்கொரு காரணம். மாடிப்படி, பப்பாளி, நான் வேலைக்குப் போனது. இந்த முறை ஏதாவது ஆனால் எல்லாருக்கும் ஒரே காரணம் போதும்.

17 வெள்ளி

வெயில். துணியெல்லாம் ஒரே நாளில் காய்ந்தது.

த.ஆ.விடம் அனுமதி கேட்டேன். திங்களன்று பிள்ளைகளை ஏழு மணிக்கே வரச் சொல்ல வேண்டும் அல்லவா. பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்றார். பிள்ளைகள் வகுப்புக்குள்ளேயே இருப்பார்கள், கிரகணத்தை உள்ளே கொண்டுவருகிறேன் என்றேன். எப்படி? கைக்கண்ணாடிமேல் பழுப்புக் காகிதம் ஒட்டி நடுவில் சிறு ஓட்டை. வெளியே நின்று வெயிலில் பிடித்தால், உள்ளே இருட்டுச் சுவரில் சூரியன் வட்டமாக விழும். நிலா மறைத்தால் சுவரிலும் மறையும். யாரும் சூரியனை நேரே பார்க்க வேண்டாம், கண்ணும் கெடாது.

த.ஆ. நம்பவில்லை. அவருடைய அறைச் சுவரிலேயே போட்டுக் காட்டினேன். வட்டம் தெரிந்தது. "கண்ணாடியை வெளியே யார் பிடிப்பது?" என்றார். நான் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அது உங்கள் இஷ்டம் என்றார்.

வேண்டியவை: பழுப்புக் காகிதம், கோந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, செருப்பு தைக்க.

18 சனி

மளிகை வந்தது. துவரம்பருப்பில் கல்.

செ. ஆபீஸிலிருந்து நேரத்தோடு வந்தார். சட்டைப் பையில் எனக்கான லீவு கடிதம், ஜுரம் என்று அவரே எழுதியது. கையெழுத்து மட்டும் நான் போட வேண்டுமாம். எனக்கு வந்த கோபம்! அன்றைக்கு ராகுவுக்கு விலாசம் தெரியாது என்று சிரித்தவர்தானே?

"நான் நம்பல. ஆனா பயமா இருக்கு. அது ரெண்டும் வேற வேற" என்றார்.

கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. என் நிலையும் அதுதான். மூன்று நாளாக எனக்குச் சொல்லத் தெரியாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அலமாரிமேல் கிடக்கிறது.

பொங்கிய பாலைத் துடைக்கவே ராத்திரி ஆகிவிட்டது.

19 ஞாயிறு

கோவில். தாமதமாகப் போனதால் பின் பெஞ்சு.

ஆராதனை முடிந்ததும் அத்தை போதகரைப் பிடித்துக்கொண்டார். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே போகலாமா என்று. போகக்கூடாது என்பார் என்ற நம்பிக்கை. வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, தாராளமாகப் போகலாம் என்று போதகர் சிரித்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் போதகரம்மா கிட்டே வந்து, எங்கள் மகளும் முழுகாமல் இருக்கிறாள், நாளைக்கு நான் அவளைக் கதவு தாண்ட விடமாட்டேன் என்று காதோடு சொன்னார். அத்தைக்கு முகம் மலர்ந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் காகிதம் ஒட்டினேன். முதல் ஓட்டை பெரிதாகிவிட்டது, வேறு காகிதம். வயிற்றில் அசைவு, இரண்டு தரம். போகாமல் இருந்துவிடலாம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், மாதம்மாகூடச் சொல்லமாட்டாள். ஆமாம், பின்னே, என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். அதுதான் பொறுக்கவில்லை.

20 திங்கள்

மேகம் இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தது உண்மை.

செ. பசிக்கவில்லை என்று காப்பி குடிக்காமல் கிளம்பினார். கிரகணம் முடிகிறவரை பசிக்காது என்று தெரியும். நான் செருப்பைப் போடும்போது அத்தையும் கிளம்பி நின்றார், கையில் மாமாவின் பழைய கறுப்புக் குடை. "பேடா, போக வேண்டாம்னா கேக்க மாட்டே. கூடவாவது வரேன்." வழி நெடுகப் பிடித்துக்கொண்டே வந்தார். நிலாவின் நிழல் என்மேல் படாமலிருக்கக் குடையின் நிழல். தெருவில் வேறு ஆளே இல்லை, எல்லார் கதவும் சாத்தி.

பாதி வகுப்புதான் வந்திருந்தது. சரசு வந்திருந்தாள். மாதம்மா முற்றத்துப் புங்கமரத்தடியில், சுவரோடு ஒட்டி.

பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து, ஜன்னலுக்குத் துணி கட்டி, கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டு, முற்றத்தில் மர நிழலின் ஓரமாக வந்து நின்றேன். குடைக்குள் நின்றால் கண்ணாடிக்கு வெயில் ஏது? "கைய மட்டும் நீட்டு" என்றார் அத்தை. நீட்டினேன். உள்ளே சுவரில் வட்டம் விழுந்தது, ஓரத்தில் ஒரு கடி. தோசை, கடிச்ச தோசை என்று உள்ளே ஒரே கூச்சல். ஆனால் எட்டி நீட்டிய ஒற்றைக் கையில் கண்ணாடி நிற்கவில்லை, தோசை சுவரெல்லாம் ஓடியது. டீச்சர் ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க.

மாதம்மா சுவரைப் பார்க்கவில்லை. குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயமாக இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன? குடையை விட்டு வெளியே வந்தேன். அத்தை குடையோடு பின்னாலேயே ஓர் அடி வந்தார், நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்ததும் தோசை அசையாமல் நின்றது. மெல்லத் தேய்ந்து பிறையாயிற்று. வெயில் மங்கி, சாயங்காலம் போலக் குளிர்ந்தது. காகங்கள் மரத்துக்குத் திரும்பின. புங்க இலைகளின் இடுக்கு வழியாகத் தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறை, மாதம்மாவின் புடவைமேல், என் வயிற்றின்மேல். ஒவ்வோர் இடுக்கும் என் காகித ஓட்டை மாதிரிதான், பாடத்தில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இருந்தவரை பயம் தெரியவில்லை. பிறகு மறுபடி தெரிந்தது.

சூரியன் முழுதாகும் வரை அங்கேயே நின்றேன். தோள் கழன்றுவிடும் போல வலி.

பிள்ளைகள் போனபின் மாதம்மா கிட்டே வந்தாள்.

"அப்ப நான் காய் அரிஞ்சதால இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப எதனாலீங்க?"

ஒளி, நிழல், எலுமிச்சம்பழம், எல்லாம் தெரியும். இது தெரியாது. போன வருஷம் என் பிள்ளை ஏன் போனான் என்பதும் தெரியாது. ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தெரியாதம்மா என்றேன்.

அவள் சரசுவின் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டாள்.

"இத்தன வருசமா எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சே இருந்துச்சுங். தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்."