கலியாணப் பெட்டிக்குள் பேய்ப்படம்

1996 மே 6, திங்கள்

கந்தோர் வேலை முடிந்து கொள்ளுப்பிட்டியிலிருந்து இன்றும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளவத்தையில் இறங்கி நளீபாவின் வீடியோக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். பேய்ப்படம் இயக்கிய பெண்களைப் பற்றி நான் புத்தகம் எழுதுவதை ஒரு வேலையாக மதிக்கிற ஒரே ஆள் அவள். அம்மா அதை ஒரு வருத்தம் என்று நினைக்கிறார், மருந்து கலியாணம் என்றும் நினைக்கிறார்.

எட்டு அத்தியாயம் முடிந்தது. எட்டும் வெளிநாட்டுக்காரிகள். ஒன்பதாவதாக இங்கே ஒருத்தி இல்லாவிட்டால் நான் இந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுதி என்ன பிரயோசனம்?

இதைச் சொல்லிப் புலம்பினேன். நளீபா கசெற் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கொட்டாஞ்சேனையில கலியாண வீடியோ எடுக்கிற புளோறன்ஸ் ஈக்கிறாவே, அவ ஒரு பேய்ப்படம் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காவாம்."

விலாசம் கேட்டு என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மே 18, சனி

கொட்டாஞ்சேனை போனேன். வழியில் செக்பொயின்றில் பொலிஸ்காரன் என் கொப்பியைத் திறந்தான். திறந்த பக்கத்தில் வெட்டுப்பட்ட கழுத்து, நானே கீறிய படம்! பேய்ப்படம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். "பயமா?" என்று கேட்டான். நல்ல பயம் என்றேன். விட்டுவிட்டான்.

புளோறன்ஸ் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கலியாணக் கசெற் ஒவ்வொன்றின் முடிவிலும் பத்துப் பதினைந்து நிமிடம் மிஞ்சுமாம். அந்த மிச்சங்களைச் சேர்த்து நாலு வருடமாக ஒரு படம்! பெயர் 'ஈரக்கூறை'. மாப்பிள்ளை வெளிநாட்டில், விசா வரவில்லை. காத்திருந்தே செத்துப்போன பெண், நனைந்த கூறைச் சேலையோடு மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

"ஏன் அக்கா ஒருத்தருக்கும் காட்டேல்லை?"

"பேய் எடுத்தவள் எண்டு தெரிஞ்சா எனக்கு ஆர் கலியாண வீடியோ எடுக்கத் தருவினம், தங்கச்சி?"

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கிடைத்துவிட்டாள்! என் ஒன்பதாவது!

ஜூன் 1, சனி

அம்மா கனடாவில் பார்த்திருக்கிற ரொறன்ரோ மாப்பிள்ளைக்கு அனுப்ப என்னை வீடியோ எடுத்தார்கள். எடுத்தது புளோறன்ஸ் அக்காவேதான். நான் தேத்தண்ணித் தட்டோடு நடந்தேன். அம்மா பின்னால் நின்று, "சிரி... அவ்வளவு வேண்டாம்."

போகும்போது அக்கா தன் படத்தை என் கையில் வைத்தார். மினுங்குகிற 'திருமண நினைவுகள்' பெட்டி, வேறு பெட்டி இல்லையாம். "இது ஒண்டுதான் இருக்கு, கவனம்."

கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தேன். பயத்தில் காலைக் கட்டிலுக்கு மேலே தூக்கிவிட்டேன். மாமியார் கதவைத் திறக்கிறாள், பேய் கையை நீட்டுகிறது... கரண்ட் போய்விட்டது! மிச்சத்தை அவசரப்பட்டுப் பார்க்கமாட்டேன். மிட்டாய் மாதிரி வைத்துச் சாப்பிடப்போகிறேன்.

ஜூன் 6, வியாழன்

என் வீடியோ வந்தது, வெறும் கறுப்புப் பெட்டியில். மினுங்கல் பெட்டி முடிந்துவிட்டதாம். இரண்டையும் அலுமாரியில் வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

ஐயோ.

ரொறன்ரோ போகிற ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருந்தாராம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கமுதல் அம்மா கசெற் பெட்டிக்குக் குங்குமம் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் கந்தோரில். வந்து பார்க்கிறேன், கறுப்புப் பெட்டி அப்படியே இருக்கிறது.

"எந்தப் பெட்டியம்மா குடுத்தனீங்கள்?"

"மினுங்கினது. மற்றது செத்தவீட்டுக் கசெற் மாதிரியெல்லோ கிடக்குது."

அந்த மனிதர் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 8

அக்காவிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கோழை.

ஜூன் 9, ஞாயிறு

சொன்னேன். அவர் ஏசவில்லை. "எதுவரைக்கும் பாத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். கதவு திறக்கிற இடம் வரை என்றேன்.

"ஐயோ தங்கச்சி, அதுக்குப் பிறகுதானே படம்."

பிறகு கமெராவின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஏசியிருக்கலாம்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக்காரரின் போனில் ரொறன்ரோ மாமி, மாப்பிள்ளையின் தாய். அம்மாவின் காதோடு காதை ஒட்டி நானும் கேட்டேன்.

"பிள்ளை வடிவுதான். ஆனால் மூண்டாம் நிமிசத்திலயிருந்து ஏன் காலில்லாமல் நடக்கிறா? பிறகு மாமியாரின்ரை கழுத்துக்குக் கையைக் கொண்டு போறா. அதோட நிப்பாட்டிக் குப்பையில போட்டிட்டன்!"

சம்பந்தம் முறிந்ததில் சிரிப்பு வந்தது. குப்பை என்றதும் அழுகை வந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தேன். நாலு வருட உழைப்பு, என்னை நம்பித் தந்தது. அம்மா போனை வைத்துவிட்டு நேரே போய்ப் படுத்துவிட்டார்.

ஜூலை 24, புதன்

தெஹிவளையில் ரயிலில் குண்டு. நளீபா பத்திரம். நாங்களும். எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

புளோறன்ஸ் அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தார்! கையில் ரொறன்ரோவிலிருந்து வந்த கடிதம்!

நம்முடைய கசெற் அங்கத்தைய டெக்கில் ஓடாது. மாமி அதை ஒரு தமிழ் வீடியோக் கடையில் கொடுத்து மாற்றித்தான் பார்த்திருக்கிறார். கடைப் பெண் மாற்றும்போதே முழுதும் பார்த்துத் தனக்கும் ஒரு பிரதி எடுத்துவிட்டாள். இப்போது அதை வாடகைக்கு எடுக்க ஆட்கள் வரிசையில்! அக்காவைக் கண்டுபிடித்தது எப்படி? கலியாணக் கசெற் முடிவில் போடுகிற பெயரையும் விலாசத்தையும் அக்கா பழக்கதோஷத்தில் பேய்ப்படத்துக்கும் போட்டிருக்கிறார்!

அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "நானும் வீடியோ பார்த்துக் கலியாணத்துக்கு எடுக்கப்பட்ட பெண்தான். எங்களைப் போல ஒன்பது பேர் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஒருவரும் எழும்பவில்லை. திரும்பவும் போட்டோம்."

நானும் அக்காவும் பள்ளிக்கூடப் பெட்டைகள் மாதிரிக் குதித்தோம். அம்மா கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு அக்காவுக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ரொறன்ரோவிலிருந்து ஒரு பிரதி வந்துசேர்ந்தது. புளோறன்ஸ் அக்கா, நான், அம்மா மூவரும் பார்த்தோம். கரண்ட் போகவில்லை!

பேயின் கை மாமியாரின் கழுத்துக்குப் போகவில்லை. தோளில் விழுகிறது. "கடிதம் வந்ததா?" என்று கேட்கிறது. இல்லை என்கிறாள் மாமியார். பிறகு அதை உட்காரவைத்து ஈரத் தலையைத் துவட்டிவிடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. என் எட்டு வெளிநாட்டுக்காரிகளில் ஒருத்திக்கும் இது வரவில்லை.

அம்மா மூக்கை உறிஞ்சினார். "அடுத்தது எப்ப எடுக்கப்போறீர்?"

"புதுக் கசெற் வேணுமே அம்மா," என்றார் அக்கா.

அம்மா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். என் வீடியோ. "இதுக்கு மேல எடும்."

அழியாமலிருக்க அதன் மூலைத் தகட்டை உடைத்துவிட்டதாக அக்கா தயங்கினார். அந்த ஓட்டைக்கு மேலே செலோரேப் ஒட்டினால் திரும்பப் பதியும் என்றேன். அம்மா அதைத் தேடி எடுத்துத் தன் கையாலேயே ஒட்டி, பெருவிரலால் இரண்டு தரம் அழுத்தினார்.

பிறகு பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் வெளிக்கிடும்."