மெட்ராஸ் பார்க்க வந்த அய்யா

ஆத்தாவுக்கு, மகன் உக்கிரபாண்டி மெட்ராஸிலிருந்து வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

சித்தப்பா குடும்பத்தோடு அய்யாவும் வேனில் வந்து கலங்கரை விளக்கமெல்லாம் பார்த்தார். எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"அய்யா, நாந்தேன், உக்கிரபாண்டி."

"எம் மகன் பேரும் அதான். இங்கதேன் வேலை பாக்குறான்" என்றார் பெருமையாக.

வெயில் அசதி என்றார் சித்தப்பா. நானும் சிரித்துவிட்டேன். காபி குடித்ததும் தெளிந்துவிட்டார், பயப்பட வேண்டாம்.

இருந்தாலும் அவரைக் கிணற்றுப் பக்கம் தனியாக அனுப்பாதீர்கள். சட்டைப்பையில் வீட்டு விலாசம் எழுதி வைத்திருக்கிறேன். துவைத்தால் மறுபடி வையுங்கள். முன்பும் இப்படி நடந்ததா? இதை வாசித்துக் காட்டுகிறவரிடமே மறைக்காமல் பதில் எழுதச் சொல்லுங்கள்.

காலையில் வேன் ஏறும்போது என் கையைப் பிடித்து, "எம் மகனைப் பாத்தா ஊருக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

லீவு கேட்டிருக்கிறேன். வாரேன், ஆத்தா.